ஒன்பதாம் வளைவில் அறுந்த அழைப்பு

செப்டம்பர் 3, புதன்

தினமும் மாலையில் ஆல்பர்ட் சாருக்கு அனுப்பும் ரிப்போர்ட்டில் மூன்று கட்டங்கள் இருக்கின்றன. செய்த வேலை, செய்யாத வேலை, காரணம். மாமியாருக்குக் கட்டம் இல்லை. ஆகவே அவரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

விவகாரம் இதுதான். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில், எங்கள் கம்பெனி சிம் வைத்திருக்கும் எல்லோருக்கும் பேச்சு அறுந்துபோகிறது. பஸ் பயணி, எஸ்டேட் மேனேஜர், தேனிலவுக்குப் போகும் ஜோடி என்ற பேதமே கிடையாது. ஜோடிகள் புகார் கொடுக்கவில்லை. மேனேஜர்கள் கொடுத்தார்கள், அதுவும் நேராகக் கோயம்புத்தூர் ஆபீசுக்கே. அங்கே உட்கார்ந்திருக்கும் ஆல்பர்ட் சார் அதை என் தலையில் இறக்கிவைத்தார்.

கீழே ஆழியாறு டவர். மேலே அட்டகட்டி டவர். வண்டி ஏற ஏற, ஆழியாறு தன் கையிலிருக்கும் அழைப்பை அட்டகட்டியின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஹேண்டோவர் என்போம். ஒழுங்காக நடந்தால் பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. நடக்காமல் போனால்தான் தேவசேனாபதி என்று ஒருவன் இதற்குச் சம்பளம் வாங்குகிறான் என்பதே உலகத்துக்குத் தெரியவரும்.

இதைச் சோதிக்க ஒரு பொலேரோ, ஒரு லேப்டாப், டெஸ்ட் போன், டிரைவர் மயில்சாமி. இவை இருக்கின்றன. இல்லாதது மறுமுனையில் ஓயாமல் பேச ஒரு ஆள். தானியங்கி எண் ஒன்று உண்டு. ஆனால் பாதி மலை ஏறுவதற்குள் அதுவே வைத்துவிடும். முன்பு ஆபீசிலிருந்து ஷகிலா மேடம் பேசுவார். போன மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்.

"நிறுத்தாமப் பேசற ஆளு வேணும், அவ்வளவுதானுங்களே?" என்றார் மயில்சாமி. "ஏனுங் சார், ஆனைமலைல உங்க மாமியா இருக்கறப்ப நமக்கென்னுங்க வெசனம்?"

சிரித்தேன். அப்புறம் யோசித்தேன். அப்புறம் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

கூப்பிட்டேன். என் மாமியார் ராமாத்தாள் ஆனைமலையில் நான்கு எருமைகளோடு தனியாக இருக்கிறார். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டு, பக்கத்தில் சோளத்தட்டு வெட்டும் மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசுவார்.

"அத்தை, ஆபீஸ் வேலைங்க. நீங்க பேசிட்டே இருந்தாப் போதும்."

"என்னத்தைங்க மாப்ளே பேசறது?"

"எதை வேணாலும் பேசுங்க."

இப்படி ஒரு அனுமதி அவருக்கு வாழ்நாளில் யாரும் கொடுத்ததில்லை என்று நினைக்கிறேன். வனத்துறை செக்போஸ்ட் தாண்டும்போது மூத்த எருமையின் மடிவீக்கம். மூன்றாம் வளைவில் பால் சொசைட்டிக்காரன் வைக்கும் அளவு. ஐந்தில் அவருடைய கொழுந்தியா வீட்டுக்கு வந்த ஒறம்பரைச் சொந்தங்களும் அவர்கள் தின்ற பணியாரமும். மயில்சாமி இரண்டு இடத்தில் வண்டியை ஓரம் கட்டிச் சிரித்துவிட்டு ஏறினார். எட்டாம் வளைவில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

"அப்புறம் மாப்ளே, நானும் கேக்கோணும் கேக்கோணும்னு இருந்தனுங்க. வாணி அங்க தனியா..."

ஒன்பதாம் வளைவு. அறுந்தது.

துல்லியமாக அதே இடம். தொழில்ரீதியாக மிகத் திருப்தியான சோதனை.

அறுந்தது அவருக்குத் தெரியாது. மெஷின் சத்தத்தில் 'பீப்' கேட்காது. நான் அட்டகட்டியில் டீ குடித்துவிட்டு என் சொந்த போனில் கூப்பிட்டால் லைன் பிஸி. யாரோடு பேசினீர்கள் என்று பிறகு கேட்டேன். "உங்ககூடத்தானுங்களே பேசிட்டு இருந்தன், அப்புறம் பாத்தாக் கொழுந்தியா கூப்புடறா" என்றார்.

வாணி என் மனைவி. வால்பாறை அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக ஜூலையில் சேர்ந்தாள். அவள் அங்கே, நான் பொள்ளாச்சியில். அவ்வளவுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

மயில்சாமியின் போன் டேஷ்போர்டில் எப்போதும் ஒரு பட்டிமன்றத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். அவர் பார்ப்பதில்லை, கேட்பதோடு சரி. மலை ஏறும்போதும் விடுவதில்லை. ஒன்பதாம் வளைவில் அது ஒரு மூச்சு நின்று, அதே வாக்கியத்தின் நடுவிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டது.

"பாருங் சார். என்ற பட்டிமன்றம் தாண்டிருச்சு. உங்க மாமியாதான் தாண்ட மாட்டீங்கறாங்க."

அவருக்கு விளக்கினேன். டேட்டாவுக்குப் பொறுமை அதிகம். கை மாறும்போது நாலு துண்டு தவறினால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும்; முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்தும் வைத்திருக்கும். பேச்சுக்கு அந்த வசதி இல்லை. இப்போது போகாத வார்த்தை அப்புறம் போய்ப் பிரயோஜனமில்லை.

"அப்ப சண்டையெல்லாம் மெசேஜ்லயே போட்டுக்கோணுமுங்க" என்றார்.

அவருக்கு யாரோடு சண்டை என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

காரணம் எனக்கு முதல் நாளே தெரியும். எழுதிவைக்கிறேன்.

ஒன்பதாம் வளைவில் ஒரு பாறை தோள்பட்டை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதைச் சுற்றியதும் ஆழியாறு சிக்னல் ஸ்விட்சை அணைத்ததுபோல் போய்விடும். அதற்கு முன்பே அழைப்பு அட்டகட்டிக்கு மாறியிருக்க வேண்டும். முன்பு மாறிக்கொண்டுதான் இருந்தது, அளவுக்கு அதிகமாக. எட்டாம் வளைவில் இரண்டு டவரும் ஏறக்குறைய சமமாகத் தெரியும். அழைப்பு அங்கே தாவும், இங்கே தாவும், மறுபடி அங்கே தாவும். இதற்கு பிங்பாங் என்று பெயர். பேசுகிறவருக்கு ஒரு குறையும் இல்லை, சென்னையில் மாத ரிப்போர்ட்டைப் பார்க்கிறவர்களுக்குத்தான் கண் உறுத்தும்.

ஆகவே ஜூன் மாதம் நான் கணக்கை மாற்றினேன். அட்டகட்டி கொஞ்சம் நன்றாகத் தெரிந்தால் போதாது, வெகு நன்றாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரிவதும் சற்று நேரம் நிலைத்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் தாவலாம். பிங்பாங் பூஜ்யமாகிவிட்டது. ஆல்பர்ட் சார் பாராட்டு மெயில் அனுப்பினார், கோயம்புத்தூர் முழுவதற்கும் நகல் வைத்து.

பாறை மட்டும் காத்திருக்கவில்லை. டவர் 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று நிற்கும்போதே வளைவு வந்துவிடுகிறது.

இருந்தாலும், நன்றாகத் தெரிந்துகொண்டு நிதானமாக மாறுவதில் என்ன தப்பு என்று எனக்கு இன்னும் புரியவில்லை. ஜூலையில் வாணியிடமும் இதைத்தான் சொன்னேன். 'ஒரு வருஷம் பாக்கலாம், நீ எப்படியும் மாறுதல் வாங்கிருவே.' அவள் இரண்டு பெட்டியோடு பஸ் ஏறினாள்.

இன்னும் சில தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று எருமை, தீவனம், பக்கத்துத் தோட்டத்துத் தென்னை எல்லாம் ஆறாம் வளைவிலேயே தீர்ந்துவிட்டன.

"மாப்ளே, வாணி சாப்பாட்டுக்கு என்ன பண்றான்னு கேட்டீங்களா? மெஸ்ல கரண்டில அளந்து ஊத்தறாங்களாமா."

"அப்படிங்களா அத்தை."

"மழைல துணி காயறதில்லயாமா."

"அப்படிங்களா."

"அட, எல்லாத்துக்கும் அப்படிங்களா, அப்படிங்களான்னா? நான் என்ன கேக்க வர்றன்னா..."

மயில்சாமியிடம் கையைக் காட்டினேன். அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். எட்டு, ஒன்பது. அறுந்தது.

வளைவைத் தாண்டி அவர் வண்டியை நிறுத்தினார். அங்கே ஒரு காட்சிமுனை உண்டு. கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். வரையாடு ஒன்று தடுப்புச் சுவரில் ஏறி நின்றுகொண்டிருந்தது. நாலு பேர் அதோடு செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங் சார், மத்த வளைவுலயெல்லாம் மெல்லப் போ, மெல்லப் போங்கறீங்க. இந்த ஒண்ணுல மட்டும் மிதிக்கச் சொல்றீங்களே, அது என்ன டெஸ்ட்டுங்க?"

வேகம் கூடும்போது ஹேண்டோவர் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். அப்படி ஒரு சோதனை உண்மையிலேயே உண்டு.

"சரிங்க" என்றார். அந்த 'சரிங்க'வில் பட்டிமன்ற நடுவரின் நிதானம் இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

மழை. மலைப்பாதையில் மண் சரிந்ததால் சோதனை இல்லை. வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. எந்த ஏஜென்சி, எந்த எண் என்பது வாணிக்குத்தான் தெரியும். ஓட்டலில் சாப்பிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

மாமியார் இன்று உத்தியை மாற்றிவிட்டார். செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும்போதே, எருமையைத் தொடாமல், நேராக விஷயத்துக்கு வந்தார். ஒன்பது வளைவு தூரம் மீதி இருந்தது. மயில்சாமியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

விஷயம் இது. மருத்துவமனைக் குடியிருப்பில் குடும்பத்தோடு தங்குகிறவர்களுக்கான வீடு ஒன்று காலியாகிறது. அடுப்படி, தனிக் குளியலறை, துணி காயப்போட மூடிய வராந்தா. வாணியின் பெயர் வரிசையில் முதலில் இருக்கிறது. ஆனால் கணவர் உண்மையாகவே வந்து தங்க வேண்டும். வருகிறாரா இல்லையா என்று இருபதாம் தேதி சனிக்கிழமைக்குள் அவள் அங்கே சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் இரண்டு நர்சுகளோடு ஒரே அறை.

"உங்களைக் கேக்க மாட்டீங்கறா மாப்ளே. 'அவரு மனசா வந்தா வரட்டும், நான் மறுக்கா வாயத் தொறக்க மாட்டேன்'ங்கறா. ரோசம். அவங்கப்பனாட்டவே. அதான் நான் கேக்கறனுங்க. இந்த ரூமுக்கு அவ போயிட்டாள்னு வைங்க, அப்புறம் அங்கயே அவளுக்கு ஒரு பொழப்பு அமைஞ்சுரும். உங்களை எதிர்பாக்கவே மாட்டா. எம்புள்ளய எனக்குத் தெரியுமுங்க."

"யோசிச்சுச் சொல்றேங்க அத்தை."

"ரெண்டு மாசமா யோசிக்கறீங்க. எருமை கூட இவ்வளவு நேரம் அசை போடாதுங்க."

மயில்சாமி பட்டிமன்றத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டார். இதைவிட நல்ல வாதம் அதில் வரவில்லை போலிருக்கிறது.

ஒன்பதாம் வளைவு வர இவ்வளவு நேரமாகும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

செப்டம்பர் 15, திங்கள்

ஆல்பர்ட் சாரிடமிருந்து மெயில்: 'வால்பாறையில் தங்கிப் பணிபுரிய விருப்பமுள்ள பொறியாளர்கள் பெயர் கொடுக்கவும்.' ஜூலையிலிருந்து இது மூன்றாவது தடவை. நான் இதைப் படிக்கவில்லை. மூன்று தடவையும் படிக்கவில்லை.

பொள்ளாச்சியில் எனக்கு என்ன இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகை வீடு. தீர்ந்த கேஸ். சாந்தாமணி மெஸ்ஸின் புதன்கிழமை மீன்குழம்பு. சந்தைக்குப் போகும் ரோடு. யோசித்தால் இன்னும் வரும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

சோதனை வழக்கம்போல. மாமியார் குரல் இன்று தணிந்திருந்தது. மெஷின் மட்டும் அதே சத்தம்.

"நேரா கேக்கறன் மாப்ளே. சுத்தி வளைக்கல."

மயில்சாமியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமலே மிதித்தார். பழகிவிட்டது.

"வாணி என்ன சொல்லோணுமோ நாளைக்குச் சொல்லீரலாம்னு இருக்கா. நான் ஒண்ணு கேக்கறன், நீங்க உம்முன்னாச்சும் ஒரு வார்த்தை..."

அறுந்தது.

அட்டகட்டியில் டீ நன்றாக இருந்தது. மிளகாய் பஜ்ஜியும். திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம், அட்டகட்டியில் சிக்னல் பிரமாதமாக இருக்கும், நானே வைத்தது. மழை வரும்போல் இருந்ததால் இறங்கிவிட்டோம்.

செப்டம்பர் 17, புதன்

காலையில் வாணியிடமிருந்து ஒரு மெசேஜ். பல நாளுக்குப் பிறகு. 'சரிங்க. அம்மா சொன்னாங்க. நான் ரூம் எடுத்துக்கறேன். கேஸ் புக் பண்ற நம்பர் பிரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு.'

இரண்டு தடவை படித்தேன். அம்மா என்ன சொன்னார்? வாணியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. ஆனைமலைக்குக் கூப்பிட்டேன்.

"அத்தை, வாணிகிட்ட என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தானுங்க சொன்னன்."

"நான் ஒண்ணுமே சொல்லலியே!"

"அதைத்தானுங்க சொன்னன்." மெஷினை நிறுத்தினார். அந்தச் சத்தம் இல்லாமல் அவர் குரலைக் கேட்டது நேற்றுவரை நடந்ததில்லை. "நேத்து உங்ககிட்டக் கேட்டனல்லங்க, வர்ற மாதிரி இருந்தா உம்முன்னு சொல்லுங்க, வர்றதா இல்லீன்னா ஒண்ணும் பேச வேண்டாம், நானே அவகிட்டப் பக்குவமாச் சொல்லிக்கறன்னு. நீங்க பேசல. செரி, மெஷின் சத்தத்துல கேக்கலியாட்ட இருக்குதுன்னு மறுக்காக் கேட்டன். அப்பவும் பேசல. மாப்ளைக்கு வாயால சொல்லச் சங்கடம், மரியாதைப்பட்டவரு, அப்படீன்னு நெனச்சுட்டு வச்சுட்டனுங்க."

"அத்தை, லைன் கட்டாயிருச்சுங்க. நீங்க கேட்டதே எனக்குக் கேக்கல!"

"கட்டாயிருச்சுங்களா?" எருமை ஒன்று கத்தியது. "லைன் பாக்கற ஆளே நீங்கதானுங்களே மாப்ளே. கட்டானாத் திருப்பிக் கூப்புடத் தெரியாதுங்களா உங்களுக்கு?"

பஜ்ஜியைப் பற்றிச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை.

"நான் போயி மாத்திச் சொல்லட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க. நானே பேசிக்கறேன்."

நானே பேசிக்கறேன் என்றதும் அவர் 'ம்' என்றார். ராமாத்தாள் ஒற்றை எழுத்தில் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

மதியம் இரண்டு தடவை, மாலை ஒரு தடவை கூப்பிட்டேன். வாணி எடுக்கவில்லை. ரிப்போர்ட்டில் 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன்.

செப்டம்பர் 18, வியாழன்

கோயம்புத்தூர் போய் ஆல்பர்ட் சாரை நேரில் பார்த்தேன். நல்ல மனிதர். மேசையில் ஒரு மணிபிளான்ட்டும், பிங்பாங் வரைபடமும் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் தினமும் தண்ணீர் ஊற்றுவார் என்று சொல்வார்கள்.

"ஆழியாறு, அட்டகட்டிக்கு நடுவுல நான் ஜூன்ல போட்ட கணக்கை எடுக்கணும் சார். அட்டகட்டி கொஞ்சம் தெரிஞ்சாலே மாறிடணும். காத்திருக்கக் கூடாது."

"பிங்பாங் ஏறுமே சேனாபதி."

"ஏறட்டும் சார்."

"சென்னைல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். அங்கயும் இங்கயும் நாலு தடவை தாவினாலும் பேச்சு நிக்காது. ஒரே தடவைல சரியா மாறணும்னு நின்னா பாறை வந்துடுது."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"இல்ல சார். இன்னொண்ணு. அந்த வால்பாறை போஸ்ட்."

"அது உனக்குத்தான்."

"நான் இன்னும் கேக்கவே இல்லியே சார்."

"மெயில் போட்டேன்ல. எல்லாரும் முடியாதுன்னு பதில் போட்டாங்க. அட்டை கடிக்குமாம், யானை வருமாம், மாமனாருக்கு ஆப்பரேஷனாம். நீ ஒருத்தன்தான் முடியாதுன்னு சொல்லல. சரி, சம்மதம்தான், வெக்கப்படறான்னு உன் பேரை எழுதிட்டேன். சம்சாரம் வேற அங்கதானே?"

என் மௌனத்தை ஆனைமலையில் ஒருவிதமாகவும் கோயம்புத்தூரில் வேறுவிதமாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.

மாற்றத்துக்கு அனுமதி கொடுத்தார். நாளைக் காலைக்குள் போட்டுவிடுவார்களாம். வெளியே வரும்போது, "பாராட்டு மெயிலைத் திருப்பி வாங்க முடியாது, வச்சுக்க" என்றார்.

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் புதுக் கணக்கு ஏறிவிட்டது. வண்டியை எடுத்தோம். மயில்சாமி, "ஆனைமலைக்குப் போடறதுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன்.

டெஸ்ட் போனிலிருந்து வாணியைக் கூப்பிட்டேன். தெரியாத எண் என்பதால் எடுத்தாள்.

"லேப். சொல்லுங்க."

"நான்தான். வைக்காதே. டெஸ்ட் கால்."

"எனக்குச் சாம்பிள் இருக்குதுங்க."

"ஒன்பதாம் வளைவு தாண்டற வரைக்கும் லைன்ல இருந்தாப் போதும். ஆபீஸ் வேலை. நீ பேசிட்டே இரு."

"நான் எதுக்குப் பேசோணும்?" என்றாள். "உங்க டெஸ்ட்டு. நீங்க பேசுங்க. நான் போனைப் பக்கத்துல வெச்சுக்கறேன்."

இந்தச் சோதனையில் பேசுகிற வேலை இதுவரை எனக்கு வந்ததில்லை. மயில்சாமி பட்டிமன்றத்தை நிறுத்தினார். சத்தத்தைக் குறைக்கவில்லை, நிறுத்தியேவிட்டார்.

"மழை இல்ல" என்றேன். "ரோடு பரவாயில்ல. குரங்குக்குத் தீனி போடாதீங்கன்னு போர்டு வெச்சிருக்காங்க. போர்டு மேலயே ஒரு குரங்கு உக்காந்திருக்கு."

மறுமுனையில் கண்ணாடிக் குழாய்கள் உரசும் சத்தம் மட்டும்.

"கேஸ் வந்துருச்சு. நம்பர் பிரிட்ஜ் மேலதான் இருந்தது. நான் அதைத் தண்ணிக் கேன்காரன் நம்பர்னு நினைச்சிருந்தேன். ரெண்டு தடவை அதுக்குக் கூப்புட்டுத் தண்ணிக் கேன் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கேன்."

குழாய்ச் சத்தம் நின்ற மாதிரி இருந்தது. ஐந்தாம் வளைவு.

மீன்குழம்பைப் பற்றிச் சொன்னேன். மூத்த எருமையின் மடிவீக்கம் வடிந்ததைச் சொன்னேன். இரண்டு வாரம் கேட்டதில் எருமைகளைப் பற்றி எனக்கு நிறையவே தெரிந்திருந்தது. ஏழாம் வளைவில் எல்லாம் தீர்ந்துவிட்டது.

"வால்பாறை போஸ்ட்டுக்குப் பேர் குடுத்திருக்கேன்" என்றேன்.

"கேட்டீங்களா, குடுத்தாங்களா?"

"அவங்க முன்னாடியே எழுதிட்டாங்க. ஆனா நானும் கேட்டேன். நேத்து, நேர்ல போய்."

எட்டு. லேப்டாப்பில் அழைப்பு அட்டகட்டிக்குத் தாவியது. திரும்பி ஆழியாறுக்கு. மறுபடி அட்டகட்டிக்கு. அசல் பிங்பாங். ஆல்பர்ட் சார் பார்த்தால் மணிபிளான்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுவார். மயில்சாமி கேட்காமலே வண்டியை மெல்ல ஓட்டினார். ஒன்பது. பாறை வந்தது, போனது.

எதுவும் கேட்கவில்லை.

"வாணி?"

பதில் இல்லை. லேப்டாப்பைப் பார்த்தேன். அழைப்பு உயிரோடு இருந்தது. அட்டகட்டி கெட்டியாகப் பிடித்திருந்தது. அளவுகள் எல்லாம் பச்சை. ஆகவே இது எங்கள் பக்கத்து மௌனம் இல்லை. இந்த வகை மௌனத்தை அளக்கக் கம்பெனி எங்களுக்குக் கருவி கொடுக்கவில்லை.

"குவார்ட்டர்ஸ் போயிருச்சுங்க" என்றாள் கடைசியில். "புதன்கிழமையே வேண்டாம்னு சொல்லிட்டேன். பார்மசிஸ்ட் வீட்டுக்குக் குடுத்துட்டாங்க. நேத்தே பாத்திரமெல்லாம் எறக்கியாச்சு."

"செவ்வாய்க்கிழமை நான் பேசாம இருக்கல வாணி. லைன் கட்டாயிருச்சு."

"தெரியும். அம்மா அழுதுட்டே சொன்னாங்க. லைன் கட்டானதுக்கு நான் ஒண்ணும் நினைக்கலைங்க." நிறுத்தினாள். "அதுக்கப்புறம் அன்னைக்குப் பொழுதுக்கும் இருந்துச்சே. லைன் இருந்துச்சுல்ல?"

இருந்தது.

"வீடு பாக்கலாம்" என்றேன். "வெளிய. வாடகைக்கு."

"யாரு பாக்கறது?"

"நான்."

"எப்போ?"

மயில்சாமி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு. வந்துட்டு இருக்கேன்."

"பன்னெண்டு மணி வரைக்கும் எனக்கு டூட்டி" என்றாள். வைத்துவிட்டாள். இந்தத் தடவை வைத்தது அவள்தான், நெட்வொர்க் இல்லை. ரிப்போர்ட்டில் 'சோதனை வெற்றி' என்று எழுதலாம்.

"அட்டகட்டில திரும்போணுமுங்களா சார்?"

"வேண்டாம். மேல போங்க."

"மேல டெஸ்ட் இல்லியேங்க?"

"மயில்சாமி."

"சரிங்க, சரிங்க."

செப்டம்பர் 21, ஞாயிறு

வெள்ளிக்கிழமை பார்த்த எதுவும் வாணிக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்த ஒன்றில் கூரை இல்லை என்பதை அவள்தான் கவனித்தாள். அன்று மாலை இறங்கிவிட்டேன். இன்று காலை பஸ்ஸில் தனியாக மறுபடி வந்தேன்.

மூன்றாவதாகப் பார்த்தது எங்கள் டவருக்கு நேர் கீழே. சிக்னல் கொட்டுகிறது. தண்ணீர்தான் வாரத்துக்கு இரண்டு நாள். நான் போனை எடுத்து அறை அறையாக அளந்துகொண்டிருந்தேன். வாணி குழாயைத் திறந்து, அதன் அடியில் கையை வைத்தபடி என்னையே பார்த்தாள். குழாயிலிருந்து காற்று வந்தது.

"இன்னொண்ணு இருக்குதாமா. சரிவுல, தேயிலைக்கு நடுவுல" என்றாள்.

நடந்து போனோம். அவள் முன்னால், குடையோடு. மழைக்குக் குடை, அட்டைக்கு உப்பு என்று ஒரு பொட்டலமும் வைத்திருந்தாள். இரண்டே மாதத்தில் ஊர்க்காரி ஆகிவிட்டாள். பாதி வழியில் என் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. வீட்டு வாசலில் ஒன்றுகூட இல்லை. மலையின் முதுகு மறைக்கிறது. எந்தக் கணக்கை மாற்றினாலும் இங்கே ஒன்றும் வராது. தண்ணீர் மட்டும் எங்கிருந்தோ ஓடிவந்து தொட்டியில் விழுந்து, நிரம்பி, வழிந்துகொண்டே இருந்தது.

"இங்க அம்மா கூப்புட முடியாதுங்க" என்றாள் வாணி.

என் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல. அந்த வீடா, இந்த வீடா?"

"இது" என்றேன்.

"என்னது?"

"இந்த வீடுதான். போதும். முடிச்சுரலாம்."

வீட்டுக்காரர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது. எது இந்தப் பூட்டுக்கு உரியது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"கதவையே இன்னும் தொறக்கலைங்க" என்றாள் வாணி. குடையை மடக்கி என்னிடம் கொடுத்தாள். "மொதல்ல உள்ள வாங்க."